இடுப்பளவைக் கொண்டு ஆட்சியை அளக்க முடியுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் உலகத் தலைவர்களின் உடற்தகுதி பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையையும், அதையொட்டி இந்தப் பகுதியில் தொடர்ந்து வெளியாகிவரும் வாசகர் கடிதங்களையும் ஒன்று விடாமல் படித்துவருகிறேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். தன் உடம்பையே கட்டுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவர் ஒரு நாட்டை எப்படிக் கட்டி ஆள்வார் என்பதே அது. முப்பத்துநான்கு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பருமனான தலைவர்களைக் கண்டிக்கும் அணியில்தான் நான் இருப்பேன் என்று யாரும் நினைக்கலாம். வெகுகாலம் அப்படித்தான் இருந்தேன். அந்த அணியிலிருந்து விலகியதற்கான காரணங்களைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டது. இடமில்லையென்றால் தாராளமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைகளைப் பற்றி நான் சொல்லியிருக்கும் பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

ஒருவரின் உடம்பைப் பார்த்து அவருடைய உடல்நலத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையே இந்த விவாதத்தின் அடித்தளம். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிரெதிரே நின்ற கென்னடியும் நிக்சனும் 1960 செப்டம்பர் 26 அன்று சிக்காகோவில் நடத்திய தொலைக்காட்சி விவாதத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. நிக்சன் முழங்காலில் ஏற்பட்ட தொற்றுக்காக ஆகஸ்ட் இறுதியில் மருத்துவமனையில் சேர்ந்து, எடை குறைந்து, சட்டை தொளதொளக்க அந்த மேடைக்கு வந்தவர். காமிரா விளக்குகளின் கீழே அவர் வெளிறித் தெரிந்தார், வியர்வை வழிந்தது. அவருக்கு எதிரே கென்னடி, பழுப்பேறிய முகமும் நிமிர்ந்த முதுகுமாக, விளையாட்டு மைதானத்திலிருந்து நேராக வந்தவரைப் போல் இருந்தார். பார்த்தவர்கள் ஆறு கோடிக்கும் மேல். அவர்களில் யாரைக் கேட்டிருந்தாலும், இருவரில் நோயாளி நிக்சன்தான் என்று தயங்காமல் சொல்லியிருப்பார்கள்.

உண்மை நேர்மாறாக இருந்தது. நிக்சனுக்கு வந்தது ஆறிப்போகும் நோய். கென்னடிக்கோ 1947இலேயே அடிசன் நோய் இருப்பது கண்டறியப்பட்டிருந்தது. அட்ரினல் சுரப்பிகள் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் போகும் நோய் அது. வெளியிலிருந்து மருந்தாகக் கொடுத்துக்கொண்டே இருக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. 1954இலும் 1955இலும் அவருக்கு முதுகில் அறுவைச் சிகிச்சைகள் நடந்திருந்தன. 1960 தேர்தலின்போது இந்தச் செய்தி கசிந்ததும், அவருடைய தரப்பு அப்படி ஒரு நோயே இல்லை என்று மறுத்தது. அவர் நாள்தோறும் எத்தனை வகை மருந்துகளை எடுத்துக்கொண்டார் என்பது 2002இல் ஒரு வரலாற்றாசிரியர் அவருடைய மருத்துவ ஆவணங்களைப் பார்க்க அனுமதி பெற்ற பிறகே முழுமையாக வெளிச்சத்துக்கு வந்தது. இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. தோலின் நிறம் கருமைப்படுவது அடிசன் நோயின் அறிகுறிகளில் ஒன்று. அன்றிரவு கோடிக்கணக்கானோர் ஆரோக்கியத்தின் அடையாளமாக எண்ணி மெச்சிய அந்தப் பழுப்பு நிறத்தில் வெயிலுக்கு எவ்வளவு பங்கு, நோய்க்கு எவ்வளவு பங்கு என்பதை யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

அதே கென்னடிதான், பதவியேற்பதற்கு முன்பாகவே, அமெரிக்கர்களின் உடம்பு சொகுசில் இளகிப்போய்விட்டதென்று கவலைப்பட்டு ஒரு விளையாட்டு வார இதழில் கட்டுரை எழுதினார். 1963இல் 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர், நடந்து காட்டும் மோகம் அந்த நாடெங்கும் பரவியதற்கும் அவருடைய தூண்டுதலே காரணம். அவருடைய தம்பி ராபர்ட் அந்தத் தூரத்தை நடந்து முடித்தார். அந்த முதுகை வைத்துக்கொண்டு அண்ணனால் அது நடக்கக்கூடிய காரியமில்லை. நான் கென்னடியைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. அத்தனை வலியோடு அவ்வளவு வேலை செய்தவரை ஓர் உடற்கல்வி ஆசிரியர் மரியாதையோடுதான் பார்க்க முடியும். தோற்றத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதிய பார்வையாளர்களைப் பற்றியே சொல்கிறேன். நாமும் அந்தப் பார்வையாளர்கள்தாம்.

இனி எதிர்ப்புறத்துக்கு வருகிறேன். பருமனான தலைவர் என்றதும் உலகம் முழுவதும் முதலில் நினைவுக்கு வருபவர் அமெரிக்காவின் 27ஆம் குடியரசுத் தலைவர் வில்லியம் டாஃப்ட். பதவிக்காலத்தில் அவருடைய எடை 150 கிலோவைத் தொட்டது. அவர் குளியல் தொட்டிக்குள் சிக்கிக்கொண்டார் என்றும், பல பேர் சேர்ந்து இழுத்து வெளியே எடுத்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் கிடையாது. அவர் பயணம் செய்த கப்பலில் அவருக்காகப் பெரிய தொட்டி ஒன்று செய்து வைக்கப்பட்டதற்குத்தான் சான்று இருக்கிறது. ஆயினும் நூறாண்டுகளைக் கடந்து பொதுமக்கள் நினைவில் நிற்பது அந்தத் தொட்டிக் கதைதான். தமக்கு முன் ஏழு ஆண்டுகளுக்கும் மேல் பதவியிலிருந்த தியடோர் ரூஸ்வெல்ட், சந்தையைக் கைக்குள் வைத்திருந்த பெருநிறுவனக் கூட்டணிகள்மீது தொடுத்ததைவிட அதிகமான வழக்குகளை டாஃப்டின் நிர்வாகம் நான்கே ஆண்டுகளில் தொடுத்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? குத்துச்சண்டை, மலையேற்றம், குதிரையேற்றம் என்று உடல் வலிமையையே தம் அடையாளமாக்கிக்கொண்ட ரூஸ்வெல்டுக்கு வீரர் என்ற பெயர் நிலைத்தது. உட்கார்ந்து வழக்குகளை நடத்தியவருக்குத் தொட்டிதான் மிச்சம்.

டாஃப்ட் சோம்பலால் பருத்தவர் என்று நினைப்பவர்கள் அவருடைய கடிதங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 1905 இறுதியில் அவர் இங்கிலாந்திலிருந்த ஒரு மருத்துவருக்கு எழுதி, எடையைக் குறைக்க வழி கேட்டார். கடல் கடந்து கடிதங்கள் போயின, வந்தன. எதைச் சாப்பிட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று பட்டியல் வந்தது. அவர் நாள்தோறும் எடை பார்த்து எழுதி வைத்தார். சில மாதங்களிலேயே சுமார் 27 கிலோ குறைந்தது. பிறகு அத்தனையும், அதற்கு மேலும், திரும்ப ஏறியது. 1913இல் பதவியிலிருந்து இறங்கிய பின் மறுபடியும் முயன்று, ஓராண்டுக்குள் சுமார் 30 கிலோ குறைத்தார். எடை குறைக்கப் பாடுபட்ட எவருக்கும் இந்த ஏற்ற இறக்கம் புதிதன்று. இதை மனவுறுதியின்மை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதைவிட, குறைந்த எடையை மீட்டெடுக்க உடம்பே பசியைக் கூட்டியும் ஆற்றல் செலவைக் குறைத்தும் போராடுகிறது என்று இன்றைய மருத்துவம் சொல்வதைக் கேட்பது நல்லது. டாஃப்ட் 1921இல் தலைமை நீதிபதியானார். அமெரிக்க வரலாற்றில் அந்த இரண்டு பதவிகளையும் வகித்தவர் அவர் ஒருவரே.

உடம்பைக் காட்டி ஆளும் கலையைப் பற்றியும் இரண்டொரு சொல். 1966 ஜூலை 16 அன்று 72 வயதான மா சே துங், ஊகான் நகரில் யாங்சி ஆற்றில் நீந்தினார். ஏறத்தாழ 15 கிலோமீட்டரை 65 நிமிடங்களில் கடந்தார் என்று சீனச் செய்தி நிறுவனம் உலகுக்கு அறிவித்தது. தொழில் புத்தி போகாதே. படித்தவுடன் பென்சிலை எடுத்தேன். மணிக்குக் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் வேகம். ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் நீந்தி வெல்பவர்களின் வேகமே மணிக்கு 6 கிலோமீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். ஆற்றின் ஓட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் படம் செய்ய வேண்டிய வேலையைச் செய்தது. மாவோவின் உடல்நிலை பற்றிய வதந்திகள் ஓய்ந்தன; பண்பாட்டுப் புரட்சி என்ற பெயரில் தொடங்கியிருந்த பேரழிவு அந்தக் கோடையில் முழு வேகம் பிடித்தது. ரஷ்ய அதிபர் புடின் மேலாடையின்றிக் குதிரையேறும் படங்களும் இதே வகைதான். 2011இல் அவர் கடலடியில் மூழ்கிப் பழங்காலச் சாடிகளைக் கண்டெடுத்து வந்தாரே, அந்தச் சாடிகள் முன்கூட்டியே அங்கு வைக்கப்பட்டவை என்பதை அவருடைய செய்தித் தொடர்பாளரே பின்னர் ஒப்புக்கொண்டார். திரண்ட புஜத்தைப் பார்த்தால் வலிமையான ஆட்சி என்று நம்பிவிடும் நம் பலவீனத்தை இவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

ஒல்லியானவர்களும் கேலியிலிருந்து தப்பியதில்லை. நெடுநெடுவென்று வளர்ந்து, கையும் காலும் உடம்புக்குப் பொருந்தாதவராகத் தெரிந்த லிங்கனைக் குரங்கென்று வரைந்து சிரித்தார்கள். 1931இல் காந்தியை அரை நிர்வாணப் பக்கிரி என்று சர்ச்சில் ஏளனம் செய்தார். சொன்னவரின் உடல்வாகு எப்படிப்பட்டது என்பது ஊரறிந்தது. 1943 பிப்ரவரியில் ஆகாகான் மாளிகைச் சிறையில் காந்தி 21 நாள் உண்ணாநோன்பு இருந்தபோது, அந்த மெலிந்த உடம்பின் நிலை பற்றிய மருத்துவ அறிக்கைகளை ஒரு பேரரசே அன்றாடம் கவலையோடு எதிர்பார்த்துக் கிடந்தது.

1979 செப்டம்பரில் நடந்த ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்தில், வெப்பம் தாங்காமல் அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் தள்ளாடி விழப்போனதைப் படமெடுத்தார்கள். வாய் பிளந்து, கால் மடங்க, பாதுகாவலர்கள் தாங்கிப் பிடிக்கும் அந்தப் படம் அவருடைய ஆட்சியின் குறியீடாகவே ஆக்கப்பட்டது. நாட்டையும் இப்படித்தான் நடுவழியில் விடப்போகிறார் என்று பேசினார்கள். 55ஐ நெருங்கும் வயதில் மலைப்பாதையில் ஓடத் துணிந்தவர் வீட்டில் சாய்ந்து கிடந்திருந்தால் அந்த அவமானம் நேர்ந்திருக்காது. மைதானத்தில் என் கண்ணெதிரே மயங்கி விழுந்த பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் பலர் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓடிய நல்ல ஓட்டக்காரர்கள். பலவீனர்கள் என்று சொல்ல முடியாது. கார்ட்டர் 2024 டிசம்பரில் இறந்தபோது அவருக்கு வயது 100.

உங்கள் கட்டுரை பெரிதும் நம்பியிருந்த பிஎம்ஐ என்ற உடல் நிறைக் குறியெண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் அது. 1830களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பெல்ஜியத்தின் கெட்லே வானியல் அறிஞர், புள்ளியியலாளர், மருத்துவர் அல்லர். மக்கள்தொகையில் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று அறிய விரும்பினாரே தவிர, எதிரே நிற்கும் ஒருவர் நலமாக இருக்கிறாரா என்று சொல்ல அவர் முனையவில்லை. இப்போதுள்ள பெயர் 1972இல்தான் வந்தது. கூட்டத்தை அளக்க உதவும் கருவி அது. தனி ஒருவரிடம் அது தசைக்கும் கொழுப்புக்கும் வேறுபாடு காட்டாது. கலிபோர்னியாவின் ஆளுநராக இருந்த அர்னால்டு ஸ்வார்ஸ்நெகர் ஆணழகராகப் புகழின் உச்சியில் நின்ற காலத்துக்குச் சொல்லப்படும் உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிட்டால், இந்த எண்ணின்படி அவர் உடற்பருமன் கொண்டவர்! அந்த உடம்புக்குள்தான் பிறவியிலேயே குறையுள்ள இதய வால்வு இருந்தது; 1997இல் அதற்காக அவர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். இரண்டையும் கண்ணால் பார்த்து யார் சொல்லியிருக்க முடியும்?

2018 ஜனவரியில் வெளியிடப்பட்ட டொனால்டு டிரம்பின் மருத்துவ அறிக்கையில் எடை 239 பவுண்டு, உயரம் 6 அடி 3 அங்குலம் என்றிருந்தது. கணக்கிட்டால் 29.9 வரும். 30ஐத் தொட்டால் உடற்பருமன். உயரத்தில் ஓர் அங்குலம் கூட்டிச் சொல்லியிருக்கிறார் என்று ஆளாளுக்குப் பழைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு அளந்தார்கள். மறு ஆண்டு அறிக்கையில் 243 பவுண்டு என்று வந்ததும், எல்லையைத் தாண்டிவிட்டார் என்று தலைப்புகள் வந்தன. இடையில் கூடியது இரண்டு கிலோகூட இல்லை. அவருடைய கொள்கைகளை ஏற்பவர்களும் எதிர்ப்பவர்களும் அவற்றைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் இந்த இரண்டு கிலோவைப் பற்றிப் பேசினார்கள் என்பதை நினைத்தால், இதில் லாபம் யாருக்கு என்ற சந்தேகம் எழுகிறது.

பருமனைப் பற்றிய ஆய்வுகளும் வந்துகொண்டிருக்கின்றன. முன்னாள் சோவியத் நாடுகள் 15இல் 2017இல் அமைச்சர்களாக இருந்த 299 பேரின் புகைப்படங்களைக் கணினிக்குக் கொடுத்து, அவர்களுடைய உடல் நிறைக் குறியெண்ணை மதிப்பிட்ட ஓர் ஆய்வு, அமைச்சர்கள் பருமனாக உள்ள நாடுகளில் ஊழலும் கூடுதலாக இருப்பதாகக் காட்டியது. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசு 2021இல் அதற்குக் கிடைத்தது. வாசகர்களில் ஒருவர் இந்த ஆய்வை மேற்கோள் காட்டித் தம் வாதத்தை நிறுவியிருந்தார். நாடுகளுக்கு இடையே காணப்படும் ஒரு பொருத்தத்தைத் தனிமனிதர்மேல் ஏற்றிச் சொல்வது பிழை. அந்த ஆய்வைக் கொண்டு எந்த ஓர் அமைச்சரையும் அவருடைய தொந்தியைப் பார்த்து ஊழல்வாதி என்று சொல்லிவிட முடியாது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது 2010இல் வெளியான வேறோர் அமெரிக்க ஆய்வு. கற்பனை வேட்பாளர்களின் படங்களையும் குறிப்புகளையும் கொடுத்து மதிப்பிடச் சொன்னபோது, பருமனான பெண் வேட்பாளர்களுக்கு மதிப்பு குறைந்தது. பருமனான ஆண் வேட்பாளர்களுக்கோ மெலிந்த ஆண்களைவிடக் கூடுதல் மதிப்பு கிடைத்தது. ஆணின் பெருத்த உடம்பு கம்பீரமாகவும் பெண்ணின் பெருத்த உடம்பு குற்றமாகவும் படுகிறதென்றால், நாம் அளப்பது உடற்தகுதியை அன்று. மெலிந்த பெண் தலைவர்களையும் விட்டுவைக்கிறோமா என்ன? 2017 மார்ச்சில் பிரிட்டன் பிரதமரும் ஸ்காட்லாந்தின் முதலமைச்சரும், இருவரும் பெண்கள், நாட்டின் பிரிவினையைப் பற்றிப் பேசச் சந்தித்தபோது, லண்டன் நாளிதழ் ஒன்று அவர்களுடைய கால்களை ஒப்பிட்டு முதல் பக்கத்தில் தலைப்பிட்டது.

பத்திரிகைகளைப் பற்றிச் சொல்வதாகக் கூறிய இடத்துக்கு வந்துவிட்டேன். தலைவர்களின் உடல்நலம் உண்மையிலேயே பொதுப் பிரச்சினையாக இருந்த வேளைகளில் பல பத்திரிகைகள் வாய் மூடியிருந்தன. 1953 ஜூன் மாதம் பிரதமர் சர்ச்சிலுக்குப் பக்கவாதம் வந்தது. வயது 78. பேச்சு குழறியது, ஒரு பக்கம் செயலிழந்தது. அவருடைய நண்பர்களான மூன்று பத்திரிகை அதிபர்கள் கூடிப் பேசி, செய்தி வெளிவராமல் பார்த்துக்கொண்டார்கள். பிரதமருக்கு முழு ஓய்வு தேவை என்பது மட்டுமே மக்களுக்குச் சொல்லப்பட்டது. சர்ச்சிலின் சுருட்டையும் தொப்பையையும் நாள் தவறாமல் வரைந்துகொண்டிருந்த அதே பத்திரிகை உலகம்தான் இதைச் செய்தது. பிரான்சில் மித்தரான் 1981இல் பதவியேற்றபோது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை தம் உடல்நல அறிக்கையை வெளியிடுவதாக வாக்களித்தார். அதே ஆண்டு இறுதியில் அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. சொன்னபடி அறிக்கைகள் வந்தன. நோயைப் பற்றி ஒரு வரியும் அவற்றில் இல்லை. உண்மை வெளிப்பட்டது 1992இல், அறுவைச் சிகிச்சை நடந்தபோது. அது தொடங்கிய ஆண்டு வெளிவந்தது அவர் இறந்த பிறகு, அவருடைய மருத்துவர் வாயிலாக.

இதற்கு மாறாக, 1955 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது நடந்ததைப் பாருங்கள். முதலில் வயிற்றுக் கோளாறு என்றுதான் சொன்னார்கள். ஆனால் விரைவிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார்கள். பால் டட்லி ஒயிட் என்ற இதய மருத்துவர் செய்தியாளர்களை உட்காரவைத்து, மாரடைப்பு என்றால் என்ன, இதயத் தசையில் என்ன நடக்கிறது, தேறிவர எத்தனை வாரம் ஆகும் என்று பாடம் நடத்துவதுபோல் விளக்கினார். குடியரசுத் தலைவருக்கு மலம் நன்றாகக் கழிந்தது என்பது வரை சொன்னார். அதைக் கேட்டுப் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் மாரடைப்பு வந்தால் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்திருந்த மக்கள், தேறி எழுந்து நடக்கலாம், வேலைக்குத் திரும்பலாம் என்பதை அந்த வாரங்களில் தெரிந்துகொண்டார்கள். மறு ஆண்டுத் தேர்தலில் எல்லாம் தெரிந்தேதான் அவருக்கு வாக்களித்தார்கள். ஒரு தலைவரின் உடம்பைப் பற்றிப் பேசுவதால் பொதுமக்களுக்கு நன்மை உண்டென்றால் அது இந்த வழியில்தான் வரும்.

கேலிச்சித்திரமே கூடாது என்று நான் சொல்வதாகக் கருத வேண்டாம். 1831இல் பிரெஞ்சு அரசர் லூயி பிலிப்பின் முகத்தைப் பேரிக்காயாக வரைந்த பிலிப்போன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அதன் பிறகு நகரத்துச் சுவரெல்லாம் பேரிக்காயாயிற்று. ஏழைகளின் வரிப்பணம் பலகை வழியாகப் பருத்த அரசரின் வாய்க்குள் கொட்டப்படுவதாக வரைந்த தோமியே ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அங்கே வயிறு வரிக்கொள்கைக்கு நின்றது. வரைந்தவரும் அதற்கு விலை கொடுத்தார். கொள்கையைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், பருமனான ஒருவரைப் பருமனாக வரைந்து கீழே ஒரு சிலேடை எழுதிவிடுவது அந்த வகையில் சேராது.

அப்படி ஒரு சித்திரம் என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்தவன். பள்ளிகளில் ஆண்டுக்கு இரு முறை எடை பார்க்கும் நாள் வரும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒருவர்பின் ஒருவராக எந்திரத்தில் ஏற்றி, முள் நிற்கும் இடத்தை உரக்கச் சொல்வேன். பக்கத்தில் ஒரு மாணவன் பதிவேட்டில் எழுதிக்கொள்வான். உரக்கச் சொன்னால் எழுதுபவனுக்கு எளிது என்பதைத் தவிர அதில் வேறு யோசனை எனக்கு இருந்ததில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் தன் முறை வருவதற்குள் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டு, சட்டைப்பையிலிருந்த பேனாவையும் கால்சட்டைப்பையிலிருந்த சில்லறையையும் நண்பனிடம் கொடுத்துவிட்டு, மூச்சை உள்ளே இழுத்தபடி ஏறினான். பேனாவுக்கு எவ்வளவு எடை இருந்துவிடப்போகிறது? நான் எண்ணைச் சொன்னேன். வரிசையிலிருந்து ஒரு தலைவரின் பெயரைச் சொல்லி எவனோ கத்தினான், எல்லோரும் சிரித்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன். மறுநாள் அவர்கள் வகுப்புக்குப் போனபோது, கரும்பலகைக்குப் பக்கத்தில் நாளிதழிலிருந்து வெட்டிய ஒரு சித்திரம் ஒட்டியிருந்தது. நாற்காலி உடையும்படி உட்கார்ந்திருக்கும் அந்தத் தலைவரின் பெயரை அடித்துவிட்டு, கீழே இந்தப் பையனின் பெயரை எழுதியிருந்தார்கள். அவன் அதற்கு நேர் எதிரே முதல் பெஞ்சில் உட்கார்ந்து, கணக்கு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். குண்டு எறிதலில் எங்கள் பள்ளிக்குப் பரிசு வாங்கித் தந்தவன் அவன். அடுத்த ஆண்டு போட்டிக்குப் பெயர் கொடுக்க மறுத்துவிட்டான். எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லவில்லை.

அந்தத் தலைவருக்கு அந்தச் சித்திரத்தால் ஒரு நட்டமும் இல்லை. அவருக்குப் பாதுகாவலர்கள் இருந்தார்கள், கட்சி இருந்தது. அடுத்த தேர்தலிலும் வென்றார். அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநராக இருந்த கிறிஸ் கிறிஸ்டியைப் போன்றவர்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கே போய்த் தங்கள் எடையைக் குறித்துத் தாங்களே நகைச்சுவை செய்து கைதட்டல் வாங்கிவிடுவார்கள். அவரும்கூட 2013 பிப்ரவரியில் எடை குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பொய்ப் பெயரில்தான் மருத்துவமனையில் சேர்ந்தார் என்பதை அந்தச் சிரிப்போடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவு அதிகாரம் உள்ளவரே ஒளிந்து போக வேண்டியிருந்ததென்றால், எட்டாம் வகுப்புப் பையன் என்ன செய்வான்?

தலைவர்களின் உடற்தகுதியைப் பற்றி எழுதவே வேண்டாம் என்பது என் வாதமன்று. ஓடுவதையும் நடப்பதையும் வாழ்நாளெல்லாம் கற்பித்தவன் நான். இன்றும் விடிகாலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். உடற்பருமன் நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிவகுக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை சென்று மீண்ட அன்றைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன், தாம் மிகவும் பருமனாக இருந்ததை வெளிப்படையாகச் சொல்லி, சில மாதங்களில் உடற்பருமனுக்கு எதிரான திட்டம் ஒன்றை அறிவித்தார். அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அத்தகைய திட்டத்தைப் பற்றி எழுதும்போது பத்திரிகைகள் கேட்க வேண்டியது, விளம்பரக் கட்டுப்பாடு எப்போது நடைமுறைக்கு வரும், பிள்ளைகளுக்கு மைதானம் இருக்கிறதா, உடற்கல்விப் பாடவேளையைத் தேர்வு நெருங்கியதும் வேறு ஆசிரியர்கள் எடுத்துக்கொள்கிறார்களா என்பவற்றை. அறிவித்தவர் அதன்பின் எத்தனை கிலோ குறைந்தார் என்பது அவருடைய மருத்துவருக்கும் அவருக்கும் இடையிலான செய்தி.

ஆதலால் ஆசிரியர் அவர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். உயர் பதவிக்குப் போட்டியிடுபவர்களிடம், பதவிக்காலம் முழுவதும் பணியாற்றத் தடையாக நோய் ஏதும் உண்டா என்று நேராகக் கேட்டு, வரும் விடையையோ விடை மறுத்ததையோ வெளியிடுங்கள். 1919இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் பக்கவாதத்தில் விழுந்து, பதவிக்காலத்தின் எஞ்சிய ஒன்றரை ஆண்டில் அவர் பெயரால் முடிவுகளை எடுத்தது யார் என்று இன்றுவரை விவாதிக்கப்படும் நிலை எந்த நாட்டுக்கும் வரலாம். தலைவர்கள் ஓடுவதையும் நீந்துவதையும் பளு தூக்குவதையும் காட்டும் படங்களை அவர்களுடைய அலுவலகமே எடுத்துக் கொடுத்திருந்தால், அதைப் படத்தின் கீழே குறிப்பிடுங்கள். உங்கள் சித்திரக்காரரிடம், வரைவதற்கு முன் அந்தத் தலைவர் அந்த வாரம் எடுத்த முடிவு என்ன என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். அவர் திறமைசாலி, பல ஆண்டுகளாக அவருடைய கோடுகளை ரசித்து வருபவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

என் பங்குக்கு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சித்திரத்தைக் கிழித்தெடுத்த நாளிலிருந்து எடை எந்திரத்தை என் அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். முள்ளை நான் மட்டும் பார்த்தேன். பதிவேட்டில் நானே எழுதினேன். ஒரு வகுப்புக்கு இரண்டு பாடவேளை கூடுதலாகப் பிடித்தது. தலைமையாசிரியர் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டபோது, எந்திரம் பழையது, முள் நிற்க நேரமாகிறது என்று சொல்லி வைத்தேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்